பழைய ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் வாங்குவதற்கு முன் நாலு பேரைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்

சென்னையில் என் பெரியப்பா வைத்திருந்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அதாவது ட்ரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். அதன் பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து காரின் முகம் முழுதும் முன்னால் கவிழும். பெரியப்பா முன்டயர் மேல் உட்கார்ந்துகொண்டு பிளக் கழற்றுவார், நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். ரொம்ப வருடம் கழித்து இங்கிலாந்தில், கவென்ட்ரியில் ஒரு வீட்டு வாசலில் ட்ரையம்ப் கம்பெனியின் ஸ்பிட்ஃபயர் என்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பானெட் அதேபோலக் கவிழ்ந்து கிடந்தது. வீட்டுக்காரரும் டயர் மேல்தான் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கால் நகரவில்லை.

இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இத்தாலியரான ஜொவானி மிகெலோட்டிதான் ஹெரால்டையும் ஸ்பிட்ஃபயரையும் வரைந்தவர். ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி அதன்மேல் இரண்டு இருக்கை வைத்துக் கட்டியதுதான் ஸ்பிட்ஃபயர். கவென்ட்ரியின் கேன்லி தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். தொழிற்சாலை இன்று இல்லை. அந்தப் பக்கம் போனால் ஹெரால்டு அவென்யூ, டாலமைட் அவென்யூ என்று கார்களின் பெயர் தெருப்பெயர்களாக மட்டும் மிச்சமிருக்கிறது.

பிரிட்டனில் இருந்துகொண்டு, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினால் என்ன என்று யோசிக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இது வேகமான கார் இல்லை. கடைசியாக வந்த 1500 மாடலுக்கே 71 குதிரைத்திறன்தான். இன்றைய சாதாரணக் குடும்பக் கார் சிக்னலில் உங்களைத் தாண்டிப் போய்விடும். ஆனால் தரையோடு தரையாக உட்கார்ந்து, கூரையை மடக்கிவிட்டு, கிராமத்துச் சாலையில் 45 மைலில் போகும்போது மனம் அதை 80 என்று எண்ணிக்கொள்ளும். லைசென்ஸுக்கும் அதுவே நல்லது.

முதல் படி: கார் தேடாதீர்கள், கிளப் தேடுங்கள்

எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விளம்பரத்தில் ஒரு கார் கண்ணில் படும், பணம் கைமாறும், கார் பாதி வழியில் நிற்கும், அப்புறம்தான் கிளப் ஞாபகம் வரும். நானும் அப்படித்தான் செய்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஸ்பிட்ஃபயர்காரர்களுக்கு இரண்டு பெரிய வீடுகள் உண்டு: ட்ரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப், கிளப் ட்ரையம்ப். இரண்டுக்கும் ஊர் ஊராகக் கிளைக் கூட்டம் உண்டு, பெரும்பாலும் மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பப்பின் கார் நிறுத்துமிடத்தில். கார் இல்லாமல் போனால் யாராவது ஏதாவது நினைப்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம். "இன்னும் வாங்கவில்லை, பார்த்துப் பழக வந்தேன்" என்று சொன்னால் போதும், ஆளாளுக்கு இழுத்துக்கொண்டு போய்த் தங்கள் காரின் அடிப்பாகத்தைக் காட்டுவார்கள். பளபளப்பை யாரும் காட்டமாட்டார்கள், வெல்டிங் வைத்த இடத்தைத்தான் காட்டுவார்கள். அதிலிருந்தே கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்று புரிந்துவிடும். குடிக்காதவர்களுக்கு எலுமிச்சை சோடா கிடைக்கும், அதில் ஒரு சங்கடமும் இல்லை.

இரண்டு மூன்று கூட்டத்துக்குப் போனால் மூன்று காரியம் கூடும். எந்த மாடலில் உங்கள் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும் என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். விற்கும் யோசனையில் இருப்பவர் யார், காரை எப்படி வைத்திருந்தார் என்பது விளம்பரத்துக்கு வரும் முன்பே காதில் விழும். மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது: கார் பார்க்கப் போகும் நாளில் உங்களோடு வர ஒரு ஆள் கிடைப்பார்.

எந்த மாடல்?

ஐந்து உண்டு. மார்க் 1, 2, 3, மார்க் 4, கடைசியில் 1500. எஞ்சின் 1147 சிசியில் தொடங்கி, 1296 ஆகி, 1493-இல் முடிந்தது. முதல் மூன்றும் வட்டமான பின்புறத்தோடு அழகாக இருக்கும், ஆனால் விலை கூட, முதல் கியருக்கு சிங்க்ரோமெஷும் (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது. 1970-இல் வந்த மார்க் 4-இல் எல்லா முன்கியருக்கும் சிங்க்ரோமெஷ் வந்தது, பின்சக்கர ஸ்பிரிங்கையும் மாற்றினார்கள். முதல் கார் என்றால் என் ஓட்டு மார்க் 4-க்கு. 1974-இன் கடைசியில் வந்த 1500 நெடுஞ்சாலைக்குத் தோது, ஆனால் அதன் பெரிய எஞ்சினின் பேரிங்குக்கு விரட்டப்படுவது பிடிக்காது. எம்ஜி மிட்ஜெட் என்ற போட்டிக் காரின் கடைசி வருடங்களிலும் இதே 1493 எஞ்சின்தான் போட்டார்கள், மிட்ஜெட்காரர்களுக்கும் இதே புலம்பல் உண்டு.

எந்த மாடலானாலும் ஓவர்டிரைவ் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம், நான்காம் கியரில் ஒரு சுவிட்சைத் தட்டினால் எஞ்சின் சுற்று குறைந்து மூச்சு விடும். மோட்டார்வேயில் ஒரு மணி நேரம் போகவேண்டியிருந்தால் உங்கள் காது அதற்கு நன்றி சொல்லும்.

பார்க்கப் போகும் நாள்

இங்கே அவசரம் கூடாது. ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். மழை நாளில் போகாதீர்கள், ஈரத்தில் எல்லா பெயின்ட்டும் புதுப் பெயின்ட்தான்.

ஸ்பிட்ஃபயரில் உயிர்நிலை கதவுக்குக் கீழே இருக்கிறது. ஏறும்போது கால் தாண்டுகிறதே, அந்த நீளமான பெட்டித் தகரம், அதைத்தான் சில் என்பார்கள். ஹெரால்டின் சேசிஸில் இரு பக்கமும் ஓடும் வெளிச்சட்டம் இருந்தது. ஸ்பிட்ஃபயருக்காகக் குட்டையாக்கியபோது அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்ததன் பாரத்தை இந்த சில்தான் சுமக்கிறது. வெளித்தகரம், உள்தகரம், நடுவில் ஒரு வலுத்தகரம் என்று மூன்று அடுக்கு. நடுவில் இருப்பது துருப்பிடித்தால் வெளியே தெரியாது.

கண்டுபிடிக்க வழி உண்டு. கதவை மூடிவிட்டு, அதன் பின்விளிம்புக்கும் பின்மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருந்தால் நல்லது. மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் காரின் நடு தொங்கிப்போயிருக்கிறது. கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே முட்டுக் கொடுக்காமல் பழைய சில்லை அறுத்து எடுத்துப் புதியதை வெல்டு வைத்திருப்பார்கள், அந்தத் தொங்கல் அப்படியே உறைந்துவிட்டது. அதைச் சரிசெய்ய மறுபடி எல்லாவற்றையும் அறுக்க வேண்டும். அப்படிப்பட்ட காரை எஞ்சின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சில், பின்சக்கர வளைவு, பானெட்டின் கீழ்விளிம்பு எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. என் முதல் ஸ்பிட்ஃபயரை வாங்கின பிறகுதான் நான் காந்தம் வாங்கினேன். வலது சில்லில் ஒரு முழ நீளத்துக்கு அது ஒட்டவே இல்லை. டிங்கரிங் செலவு காரின் விலையைத் தொட்டது.

அடுத்து தரைக்கம்பளத்தைத் தூக்கித் தளத்தைப் பாருங்கள். இருக்கைக்குப் பின்னால், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை உடலோடு இணையும் இடம், பாட்டரி உட்காரும் தட்டு, டிக்கித் தளம் இவையும் துருவுக்குப் பிடித்த இடங்கள். பாட்டரி அமிலம் கசிந்து தட்டை ஓட்டை போட்டிருந்தால், மழைத்தண்ணீர் நேராக உங்கள் பாதத்துக்கு வரும்.

இனி எஞ்சின். விற்பவரிடம் முன்பே சொல்லிவையுங்கள், "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று. போனதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அவருக்கு மறைக்க ஏதோ இருக்கிறது.

ஸ்டார்ட் செய்யும் முன் ஒரு சோதனை. உங்களோடு வந்தவர் உள்ளே உட்கார்ந்து கிளச்சை மிதித்து மிதித்து விடட்டும். நீங்கள் பானெட்டைக் கவிழ்த்து, எஞ்சின் முன்பக்கத்தில் ஃபேன் பெல்ட் ஓடும் கீழ்ப்புல்லியைப் பாருங்கள். அது முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட்டை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. இருக்கவேண்டிய அசைவு 0.1-இலிருந்து 0.2 மில்லிமீட்டர், அது கண்ணுக்குத் தெரியாது. இன்னும் தேய்ந்து வாஷர் கழன்று எண்ணெய்த் தொட்டியில் விழுந்தால் கிராங்க் நேராக எஞ்சின் பிளாக்கைத் தின்னும், பிளாக் குப்பைக்குத்தான். இரண்டு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைப் பல பேர் செய்வதே இல்லை.

ஸ்டார்ட் ஆனதும் ஓரிரு நொடி தடதடப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். ஃபில்ட்டரிலிருந்து எண்ணெய் இறங்கியிருக்கும், மறுபடி ஏறும்வரை அந்தச் சத்தம் வரும். எஞ்சின் சூடான பிறகும் அடிவயிற்றிலிருந்து உருமல் கேட்டால்தான் பேரிங் கோளாறு. சூடான எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போது 40 பிஎஸ்ஐ எண்ணெய் அழுத்தமாவது வேண்டும். காரில் அளவி இருக்காது, விளக்கு மட்டும்தான். கிளப்பில் யாரிடமாவது கைஅளவி இருக்கும், கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கையில் கிளச் விடும்போது பின்னால் 'டொக்' என்றால் யூனிவர்சல் ஜாயின்ட், அதாவது சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் மூட்டு, தேய்ந்திருக்கிறது. அது மலிவு, பேரம் பேச உதவும். எண்ணெய்க் கசிவையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். சொட்டுகிறதென்றால் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று கிளப்பில் ஒரு வேடிக்கை உண்டு.

காகிதம்

பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் காரின் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ட்ரையம்ப்காரர்கள் அதை கமிஷன் நம்பர் என்பார்கள். அதன் முடிவில் எல் என்ற எழுத்து இருந்தால் கார் பிறந்தபோது ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது, வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பிவந்து வலப்பக்கம் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். தவறில்லை, ஆனால் மாற்றினவர் வேலையைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

கடைசி ஸ்பிட்ஃபயருக்கும் 40 வயது தாண்டிவிட்டது. அதனால் பதிவில் வரலாற்று வாகனம் என்று மாற்றிக்கொண்டால் சாலை வரி இல்லை, பெரிய மாற்றம் செய்யாத காருக்கு எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை, புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டன் போடும் யுலெஸ் கட்டணமும் கிடையாது. வரி பூஜ்யம்தான் என்றாலும் வருடாவருடம் விண்ணப்பித்தே ஆக வேண்டும், மறந்தால் அபராதம். எம்ஓடி விஷயத்தில் என் கட்சி வேறு: கட்டாயமில்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்களைத் தவிர இன்னொரு ஜோடிக் கண் காரின் அடியைப் பார்ப்பது அன்று மட்டும்தான். பழைய எம்ஓடி முடிவுகளை அரசு இணையதளத்தில் கார் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். வாங்கும் முன் அதையும் படியுங்கள்: வருடாவருடம் 'துரு' என்று எழுதி, திடீரென்று ஒரு வருடம் எழுதாமல் விட்டிருந்தால் வெல்டு வைத்தார்களா, பெயின்ட் அடித்தார்களா என்று கேளுங்கள்.

இன்சூரன்ஸ் பழைய கார்களுக்கென்றே தனியாக உண்டு. வருட மைல் வரம்பு போட்டு மலிவாகக் கொடுப்பார்கள், கிளப் உறுப்பினர் என்றால் இன்னும் குறையலாம். 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்ற வகையையே எடுங்கள். இல்லாவிட்டால் விபத்து நடந்தபின் உங்கள் காரின் விலையை அவர்கள் சொல்வார்கள், நீங்கள் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்தபின் முதல் மாதம்

ஊர்வலம் போக ஆசையாக இருக்கும். பொறுங்கள்.

விற்றவர் என்ன சொன்னாலும் எல்லா எண்ணெயையும் மாற்றுங்கள். எஞ்சினுக்குச் சுமார் 4½ லிட்டர், 20 டபிள்யூ 50 மினரல் எண்ணெய். டயரின் பக்கவாட்டில் கடைசி நாலு எண் வாரமும் வருடமும் சொல்லும். பத்து வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இந்தக் கார்கள் குறைவாக ஓடுவதால் டயர் தேயாது, காய்ந்து கல்லாகிவிடும்.

பெட்ரோல் குழாய்களை ஒன்றுவிடாமல் மாற்ற வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது பத்து சதவீதம்வரை எத்தனால். பழைய ரப்பர் அதில் ஊறிப் பிளக்கும், சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனால் தாங்கும் குழாயாகப் போட்டுவிட்டு, பங்கில் சூப்பர் ரக ஈ5 நிரப்புங்கள். ஒரு தீயணைப்பானும் காரில் இருக்கட்டும்.

அடுத்தது ட்ரன்னியன். முன்சக்கரம் திரும்பும் அச்சின் கீழ்முனை ஒரு பித்தளைக் கொட்டைக்குள் மரை போல உட்கார்ந்திருக்கும். அதற்குக் கிரீஸ் போடக்கூடாது, ஈபி 90 கியர் எண்ணெய்தான். கிரீஸ் உள்ளே இறுகிவிடும், அதைத் தாண்டித் தண்ணீர் நுழைந்து மரையை அரிக்கும். பிறகு ஒருநாள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தும்போது அச்சு முறிந்து சக்கரம் உள்ளே மடியும். நல்லவேளையாக அது பெரும்பாலும் மெதுவாகப் போகையில்தான் நடக்கும். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கிரீஸ் கன்னில் எண்ணெயை ஊற்றி, மேலே வழியும்வரை அடியுங்கள். வருடம் ஒருமுறை போதும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள்.

கைவேலை பழக வால்வு இடைவெளி நல்ல பாடம். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், எட்டு வால்வுக்கும் 10 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எது எப்போது என்று குழம்பவேண்டாம், கூட்டினால் ஒன்பது வரவேண்டும் என்பதே கணக்கு. முதல் வால்வு முழுக்கத் திறந்திருக்கையில் எட்டாவதை வையுங்கள், மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவது. பெரியப்பா இதைத் தாளில் எழுதி எஞ்சின் பக்கத்தில் ஒட்டியிருந்தார். ஹெரால்டு எஞ்சினும் இதே வம்சம் என்பதால் அவர் கணக்கு இங்கேயும் செல்லும்.

ஓட்டும்போது

வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். நடு வளைவில் பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் காரின் பின்புறம் மேலே எழும், பின்சக்கரங்கள் உள்நோக்கிச் சாயும், பின்பக்கம் வெளியே ஓடப் பார்க்கும். முதல் மூன்று மாடலில் இது அதிகம். மார்க் 4-இல் வந்த ஸ்பிரிங் நிறையவே அடக்கிவிட்டது, முற்றிலும் இல்லை. பிரேக்குக்கும் பவர் உதவி இருக்காது என்று வைத்துக்கொண்டு முன்காரோடு இடைவெளி விடுங்கள். லாரிக்காரர் கண்ணாடியில் நீங்கள் தெரியமாட்டீர்கள்.

டிக்கியில் ஃபேன் பெல்ட், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் அமைப்பின் உதிரிகளான பாயின்ட், கன்டென்சர், ரோட்டார், அப்புறம் கொஞ்சம் வயர், ஃபியூஸ், ஒரு குடம் தண்ணீர். புதிதாகச் செய்யப்படும் மலிவு ரோட்டார்கள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். கிளப்காரர்கள் சொல்லும் சிவப்பு ரோட்டாரையே வாங்குங்கள், பழையதையும் தூக்கிப் போடாதீர்கள்.

நாலு பேரோடு

கூட்டத்தில் அடுத்தவர் காரைத் தொடும் முன் கேளுங்கள். கதவில் சாயக்கூடாது. "இது தொழிற்சாலையிலிருந்து வந்த நிறம் இல்லையே" என்று தொடங்காதீர்கள். அசல் மாறக்கூடாது என்பவர்களும் ஐந்து கியர் பெட்டியை மாட்டிவிட்டுச் சிரிப்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் போய் மாட்டிக்கொள்ளவேண்டாம். எதிரே இன்னொரு பழைய கார் வந்தால் கை காட்டுங்கள், எந்தக் கம்பெனியாக இருந்தாலும். யாராவது ஞாயிற்றுக்கிழமை கியர்பாக்ஸ் இறக்குகிறார் என்று தெரிந்தால் போய் நில்லுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் கியர்பாக்ஸின் ஒரு முனையைத் தாங்கிப் பிடிக்கலாம். நான் முதல்முறை போனபோது மனைவி செய்த மசால் வடையை எடுத்துப்போனேன். அதற்கப்புறம் என்னை யார் கூப்பிட்டாலும் வடையையும் சேர்த்தே கூப்பிடுகிறார்கள்.

கிளப் ட்ரையம்ப் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் ஓட்டம் ஒன்று உண்டு: ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில் உள்ள ஜான் ஓ'க்ரோட்ஸையும் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான லேண்ட்ஸ் எண்டையும் தொட்டுச் சுமார் 2000 மைல், 48 மணி நேரத்தில். முதல் வருடமே அதற்குப் பெயர் கொடுக்காதீர்கள். ஏதாவது ஒரு நிறுத்தத்தில் இரவு போய் நின்று தேநீர் ஊற்றிக் கொடுங்கள். எந்தக் கார் எதனால் நிற்கிறது என்று ஒரே இரவில் தெரிந்துவிடும்.

குளிர்காலம்

சாலையில் உப்புத் தூவ ஆரம்பித்தால் காரை உள்ளே வைத்துவிடுங்கள். ரேடியேட்டரில் உறைதடுப்பான் இருக்கிறதா, அளவு சரியா என்று அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள், வெறும் தண்ணீர் உறைந்தால் பிளாக் வெடிக்கும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போடவேண்டாம், உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும், காற்றுப் போகும் துணி உறைதான் சரி. மடக்கும் கூரையை விரித்து மாட்டியே வையுங்கள். மடித்துக் குளிரில் விட்டால் பின்கண்ணாடிப் பிளாஸ்டிக் கோடு விழுந்து உடையும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது காருக்குக் கெடுதல், சைலன்ஸருக்குள் ஈரம் தங்கும். ஸ்டார்ட் செய்தால் உப்பில்லாத ஒரு நாள் பார்த்து இருபது மைல் ஓட்டுங்கள், இல்லையேல் பாட்டரிக்கு சார்ஜர் மாட்டிவிட்டு அமைதியாக இருங்கள்.

மார்ச்சில் நல்ல மழை இரண்டு பெய்து சாலையைக் கழுவட்டும். ஏப்ரலில் நாடெங்கும் 'டிரைவ் இட் டே' வரும். 1900-இல் நடந்த ஆயிரம் மைல் ஓட்டத்தின் நினைவாக, பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெளியே எடுப்பார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை ட்ரன்னியனுக்கு எண்ணெய் அடித்து, டயருக்குக் காற்றுப் பார்த்து, பிரேக்கை நாலு முறை மிதித்துப் பார்த்துவிடுங்கள்.